சொல்லாமல் ஏற்றிய இரத்தம்

புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுக்கும் பெரிய அறுவைகளில் எவ்வளவு இரத்தம் போகக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் மருத்துவர்கள் கத்தியைக் கையில் எடுக்கிறார்கள். கல்லீரல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு அந்த உறுப்பின் வழியே ஓடுகிறது. அதன் ஒரு பகுதியை அறுத்து நீக்கும்போது விரைவில் வயிற்றறை இரத்தத்தால் நிறைந்துவிடக்கூடும். இரத்த வங்கியில் வகை பார்த்து எடுத்துவைத்த பைகள் அறுவை அரங்கின் வாசலில் காத்திருக்கும். பெரும்பாலான நோயாளிகள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும்போது இரத்தம் ஏற்றச் சம்மதம் கேட்கும் வரியை நின்று படிப்பதுகூட இல்லை. ஏற்றுவதா, எப்போது ஏற்றுவது, எத்தனை பை என்பதெல்லாம் மருத்துவரின் முடிவு.

யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினருக்கு அந்த ஒரு வரியே முழுப் படிவத்தையும்விடக் கனமானது. உயிர் போகும் நிலையிலும் பிறருடைய இரத்தத்தை ஏற்பதில்லை என்பது அவர்களுடைய நிலைப்பாடு. இங்கே எழும் கேள்வி இரண்டு அடுக்குகளைக் கொண்டது. இரத்தம் ஏற்றினால் புற்றுநோயாளிக்கு நன்மையா தீமையா என்பது மேலடுக்கு. அதற்கு விடை கிடைத்துவிட்டால் சமயக் கேள்வியும் தீர்ந்துவிடுமா என்பது அடியில் கிடக்கும் கேள்வி. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் இந்த விவாதம் பல இடங்களில் திசை தவறுகிறது.

தடையின் வேர் விவிலியத்தில் மூன்று இடங்களில் இருக்கிறது. வெள்ளப்பெருக்குக்குப் பின் நோவாவுக்கு இறைச்சி உண்ண அனுமதி கிடைக்கிறது. உயிராகிய இரத்தத்தோடு உண்ணக்கூடாது என்ற நிபந்தனையும் உடன் வருகிறது. லேவியராகமத்தின் 17-ஆம் அதிகாரம் அதையே இஸ்ரவேலருக்குச் சட்டமாக்குகிறது. உயிர் இரத்தத்தில் இருக்கிறது, அது பலிபீடத்துக்கு உரியது என்று காரணமும் சொல்கிறது. மூன்றாவது இடம் புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம். யூதரல்லாத புதிய விசுவாசிகள் மோசேயின் சட்டம் முழுவதையும் கைக்கொள்ள வேண்டுமா என்ற வழக்கு கி.பி. 49 வாக்கில் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர் முன்பு வந்தது. விருத்தசேதனம் வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனால் விலக்க வேண்டிய சிலவற்றின் பட்டியலில் இரத்தமும் இடம்பெற்றது.

அந்தப் பட்டியலை எப்படிப் படிப்பது என்பதில்தான் திருச்சபைகள் பிரிந்தன. யூதரும் யூதரல்லாதாரும் ஒரே பந்தியில் அமர்வதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது, தேவை தீர்ந்தபின் வழக்கொழிந்தது என்று மேற்குத் திருச்சபை கொண்டது. தம் காலத்திலேயே அந்த விதியைப் பெரும்பாலோர் கடைப்பிடிக்கவில்லை என்று அகுஸ்தீனார் எழுதியிருக்கிறார். கீழைத் திருச்சபை அவ்வளவு எளிதில் விடவில்லை. கான்ஸ்டான்டினோப்பிளில் 692-இல் கூடிய திருல்லோ சங்கம் இரத்தம் கலந்த உணவை மறுபடியும் தடை செய்தது. ஆயினும் இந்த விவாதம் முழுவதும் சமையலறையையும் பந்தியையும் பற்றியது. நரம்பின் வழியே இரத்தம் செலுத்துவதைப் பற்றி எந்தப் பழைய உரையாசிரியரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. இரத்த வகைகளை வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் கண்டறிந்ததே 1901-ஆம் ஆண்டை ஒட்டித்தான்.

இரத்தம் உண்பதை மிகக் கண்டிப்பாக விலக்கிய சமூகம் யூதர்கள். இறைச்சியை நீரில் ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தம் வடியவிட்டுத்தான் சமைப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இரத்தம் ஏற்றுவதில் எந்தத் தடையும் இல்லை. உயிரைக் காப்பது ஏறக்குறைய எல்லாக் கட்டளைகளையும் தள்ளிவைக்கும் என்பது யூதச் சட்ட நூலான தல்மூதின் முடிவு. விக்கிரக வழிபாடு, கொலை, முறைகேடான பாலுறவு ஆகிய மூன்று மட்டுமே அதற்கு விலக்கு. கட்டளைகள் வாழ்வதற்காகத் தரப்பட்டவை என்ற லேவியராகம வாக்கை அதற்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள். குர்ஆனும் இரத்தத்தை விலக்கப்பட்டவற்றுள் வைக்கிறது. நிர்ப்பந்தத்துக்கு ஆளானவர்மீது குற்றமில்லை என்றும் அதே வசனத்தில் விலக்களிக்கிறது. எனவே ஒரே மூல நூலையும் ஒரே தடையையும் வைத்துக்கொண்டே எதிரெதிர் முடிவுகளுக்கு வர முடிகிறது. வேறுபாடு இரத்தம் புனிதமா என்பதில் இல்லை. அதன் புனிதத்தை எப்படி மதிப்பது என்பதில் இருக்கிறது. ஒரு தரப்பு அதைத் தொடாமல் விலகி நிற்கிறது. மறுதரப்பு அது காக்கும் உயிரைப் பிடித்துக்கொள்கிறது.

யெகோவாவின் சாட்சிகள் இயக்கம் 1870-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சார்லஸ் டேஸ் ரஸல் நடத்திய வேத ஆராய்ச்சிக் குழுவில் தொடங்கியது. இன்றைய பெயர் 1931-இல் வந்தது. தொடக்கத்தில் இரத்தம் ஏற்றுவதற்கு அங்கே தடையில்லை. இரண்டாம் உலகப் போரில் இரத்த வங்கிகள் பெருகிய காலத்தில், 1945-இல், தமிழில் காவற்கோபுரம் என்று அறியப்படும் அவர்களுடைய ஏடு அதை இறைச்சட்டத்துக்கு மாறானது என்று அறிவித்தது. 1961 முதல் விரும்பி இரத்தம் ஏற்றுக்கொண்டு மனம் வருந்தாதவர் சபைநீக்கத்துக்கு உரியவரானார். பின்னர் கோடு நுணுக்கமாக வரையப்பட்டது. முழு இரத்தம், செவ்வணு, வெள்ளணு, தட்டணு, பிளாஸ்மா ஆகியவை கூடாது. அவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின், உறைபொருள்கள், நோய் எதிர்ப்புப் புரதங்கள் போன்ற கூறுகள் அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டவை என்று 2000-இல் விளக்கம் தரப்பட்டது. உறுப்பு மாற்றமும் இப்படித்தான் மாறியது. 1967-இல் அது நரமாமிசம் உண்பதற்கு ஒப்பானது என்றார்கள். 1980-இல் தனிமனிதர் முடிவு என்று விட்டார்கள். இந்த மாற்றங்களைக் காட்டிக் கொள்கையே பொருளற்றது என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதம் வலுவானதன்று. எந்தச் சமயச் சட்டமும் புதிய பொருள் எதிரே வரும்போது எல்லையைத் திருத்தி வரைந்தே வந்திருக்கிறது. கடுமையான கேள்வி வேறொன்று. 1967-க்கும் 1980-க்கும் இடையில் சிறுநீரகம் வேண்டாம் என்று மறுத்து இறந்தவருக்கு அந்தத் திருத்தம் என்ன பதில் சொல்லும்?

இனி மருத்துவத்தின் பக்கம். புற்றுநோய் அறுவையில் இரத்தம் ஏற்றுவது நோயாளியின் பிற்கால நிலையைப் பாதிக்கிறதா என்ற ஐயம் சமயத்திலிருந்து வந்ததன்று, சிறுநீரக மாற்று மருத்துவத்திலிருந்து வந்தது. மாற்றுச் சிறுநீரகம் பெறுவதற்கு முன்பு இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு அந்தச் சிறுநீரகம் கூடுதல் காலம் நிலைக்கிறது என்று ஓபெல்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973-இல் கண்டார்கள். பிறர் இரத்தம் உடலின் எதிர்ப்பாற்றலை மந்தப்படுத்துகிறது என்பது அதன் பொருள். சிறுநீரகத்துக்கு அது நல்லது. புற்றுநோயாளிக்கு? கட்டியை அறுக்கும்போது சில செல்கள் பிரிந்து இரத்த ஓட்டத்தில் கலக்கக்கூடும். அவற்றைத் தேடி அழிக்க வேண்டிய வெள்ளணுக்கள் அந்த நேரம் பார்த்துச் சோர்ந்திருந்தால் நோய் மீண்டும் தலைதூக்க வழி உண்டு. 1981-இல் இந்த ஐயம் லான்செட் இதழில் எழுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே பெருங்குடல் புற்றுநோயாளிகளிடம், இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்ற அவதானிப்பு அதே இதழில் வெளிவந்தது.

அதன்பின் ஆய்வுகள் குவிந்தன. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் குறித்த 36 ஆய்வுகளையும் அவற்றிலிருந்த 12,127 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2006-இல் வெளிவந்தது. இரத்தம் ஏற்றப்பட்டவர்களிடம் நோய் திரும்புவதற்கான வாய்ப்பு விகிதம் 1.42 மடங்கு என்றது. எண்ணை மட்டும் பார்த்தால் வழக்கு முடிந்ததுபோலத் தோன்றும். ஆனால் யாருக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள் என்று கேட்க வேண்டும். கட்டி பெரிதாக இருப்பவருக்கு, பல வாரங்களாகக் குடலில் இரத்தம் கசிந்து சோகை பிடித்தவருக்கு, அறுவை சிக்கலாகி நீண்டவருக்கு. இவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு இரத்தம் ஏற்றாவிட்டாலும் அதிகமே. குற்றவாளி இரத்தப் பையா, அந்தப் பையைத் தேவையாக்கிய நோயா என்பதை வெறும் அவதானிப்பால் பிரித்தறிய முடியாது.

பிரித்தறிய முயன்றவர்கள் நெதர்லாந்து ஆய்வாளர்கள். 475 பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தேவைப்பட்டால் பிறருடைய இரத்தம். மறுபிரிவுக்கு அறுவைக்கு முன்பே அவர்களிடமிருந்து எடுத்துச் சேமித்த சொந்த இரத்தம். பிறர் இரத்தம்தான் தீங்கு செய்கிறது என்றால் சொந்த இரத்தம் பெற்றவர்கள் நன்றாக இருந்திருக்க வேண்டும். 1993-இல் வெளிவந்த முடிவில் அப்படி எதுவும் இல்லை. கட்டி முழுவதும் அகற்றப்பட்டவர்களுள் நான்கு ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முதற்பிரிவில் 66 விழுக்காடு, இரண்டாவதில் 63. சொந்த இரத்தமோ பிறர் இரத்தமோ, ஏற்றவேண்டிய நிலைக்கு வந்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியிருந்தது. ஐயம் நோயின் பக்கம் சாய்ந்தது. ஆனால் முற்றிலும் தீரவில்லை. ஜெர்மனியில் நடந்த சிறிய ஆய்வொன்று மறுபக்கம் காட்டியது.

எவ்வளவு குறைந்த ஹீமோகுளோபினைத் தாங்கிக்கொள்ளலாம் என்ற கேள்வியிலும் இதே தெளிவின்மை. கனடாவில் நடந்து 1999-இல் வெளிவந்த ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவின் 838 நோயாளிகளிடம் டெசிலிட்டருக்கு 7 கிராம் வரை பொறுத்திருப்பது, 10 கிராமுக்குக் கீழ் வந்ததுமே ஏற்றுவதைவிட மோசமானதன்று என்று காட்டியது. அன்று முதல் உலகெங்கும் இரத்தம் ஏற்றுவது குறைந்தது. ஆனால் பிரேசிலில் பெரிய புற்றுநோய் அறுவைக்குப் பின் தீவிர சிகிச்சையில் இருந்த 198 பேரிடம் செய்த ஆய்வு 2015-இல் எதிர்த்திசையில் முடிந்தது. 7 கிராம் வரை காத்திருந்தவர்களுள் 35.6 விழுக்காட்டினர் இறப்புக்கோ கடுமையான சிக்கலுக்கோ ஆளானார்கள். 9 கிராமிலேயே ஏற்றப்பட்டவர்களுள் 19.6 விழுக்காட்டினர். குறைவாக ஏற்றுவதே எல்லோருக்கும் நலம் என்ற எளிய வாக்கியம் புற்றுநோயாளிக்கு அப்படியே பொருந்தாது.

ஹீமோகுளோபின் மிகத் தாழ்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் காட்டியவர்கள் இரத்தத்தை மறுத்தவர்களேதான். அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் 8 அல்லது அதற்குக் கீழே இறங்கியும் சமய காரணத்தால் இரத்தம் ஏற்காத 300 பேரின் பதிவுகளை ஜெஃப்ரி கார்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு 2002-இல் வெளியிட்டது. 7.1-க்கும் 8-க்கும் இடையில் இருந்தவர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. 4.1-க்கும் 5-க்கும் இடையில் இறங்கியவர்களுள் 34.4 விழுக்காட்டினர் இறந்தார்கள். வேறு எந்த வழியிலும் நெறிப்படி திரட்ட முடியாத அறிவு இது. தங்கள் நம்பிக்கைக்காக இவர்கள் கொடுத்த விலை மற்ற எல்லா நோயாளிகளுக்குமான எல்லைக் கோட்டை வரைந்து தந்திருக்கிறது. இதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இரத்தமில்லா அறுவை என்று பெயர் பெற்ற முறைகளும் பெரும்பாலும் இவர்களுக்காக முயன்றபோது தேர்ச்சி பெற்றவை. டெக்சஸில் டென்டன் கூலி சாட்சிகள் 542 பேருக்கு இரத்தம் ஏற்றாமல் செய்த இதய, இரத்தக்குழாய் அறுவைகளின் விவரத்தை 1977-இல் வெளியிட்டார். புற்றுநோய் அறுவையில் இன்று கையாளும் வழிகள் பல. சில வாரங்களுக்கு முன்பே இரும்புச் சத்தை நரம்பில் செலுத்திச் சோகையைச் சரிசெய்வார்கள். டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்து உறைந்த இரத்தம் கரையாமல் காப்பார்கள். கல்லீரலுக்குச் செல்லும் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிப்பார்கள். அந்தக் கடைசி உத்தியை கிளாஸ்கோவின் பிரிங்கிள் 1908-லேயே எழுதிவைத்தார். மயக்க மருத்துவர் சிரை அழுத்தத்தைத் தாழ்த்தி வைத்தால் கல்லீரலின் வெட்டுவாயில் கசிவு குறையும்.

ஆனால் புற்றுநோய் என்பதால் சில வழிகள் குறுகிவிடுகின்றன. சிந்திய இரத்தத்தை உறிஞ்சிக் கழுவித் திருப்பிச் செலுத்தும் கருவியைச் சாட்சிகள் பலர், குழாய்த் தொடர்பு அறாமல் இருந்தால், ஏற்பார்கள். ஆனால் அந்த இரத்தத்தில் புற்றுநோய்ச் செல்களும் இருக்கலாமே என்று மருத்துவர்கள் தயங்கினார்கள். வடிகட்டியும், ஜெர்மனியில் 50 கிரே அளவு கதிர்வீச்சும் அதற்கு மாற்றாக வந்தன. செவ்வணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் மற்ற நோயாளிகளுக்கு வரமாக இருந்தது. புற்றுநோயாளிகள் சிலரிடம் அது கட்டியின் வளர்ச்சியோடும் குறுகிய ஆயுளோடும் தொடர்புடையதாகக் காணப்பட்டதால் 2007-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கடும் எச்சரிக்கை விடுத்தது.

இத்தனை தரவுகளையும் வைத்துக்கொண்டு இரு தரப்பினரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இரத்தம் ஏற்றினால் புற்றுநோய் திரும்புகிறது, எச்ஐவி பரவியது, ஆகவே இறைச்சட்டம் மெய்யானது என்று நம்பிக்கையாளர்களுள் சிலர் சொல்கிறார்கள். இரத்தமின்றி மூன்றில் ஒருவர் இறக்கும் நிலையும் உண்டு, ஆகவே அந்தச் சட்டம் பொய் என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. இது பிளேட்டோவின் யூத்திஃப்ரோ உரையாடலில் சாக்ரடீஸ் எழுப்பிய பழைய கேள்வியின் மறுவடிவம். நல்லது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா? முதல் விடையைத் தேர்ந்தால் சட்டத்துக்கு அப்பால் ஒரு காரணம் வேண்டும். இடைக்கால யூத மெய்யியலாளர் மைமோனிடஸ் அப்படித்தான் தேடினார். இரத்தம் உண்டு ஆவிகளோடு உறவாடலாம் என்று நம்பிய புறச்சமயத்தாரின் வழக்கத்தை ஒழிக்கவே தடை வந்தது என்று விளக்கினார். சாட்சிகள் தேர்ந்தது இரண்டாவது விடை. 1945-இல் தடை வந்தபோது எதிர்ப்பாற்றல் மந்தமாவதைப் பற்றியோ எச்ஐவி பற்றியோ யாருக்கும் தெரியாது. கட்டளை என்பதாலேயே அது கட்டளை.

அப்படியானால் ஆய்வு முடிவுகள் அந்தக் கட்டளையைத் தாங்கவும் முடியாது, சாய்க்கவும் முடியாது. விளைவைக் காட்டித் தன் நம்பிக்கையை நியாயப்படுத்துபவர், விளைவு மாறினால் நம்பிக்கையை விட்டுவிடவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். நாளையே ஓர் ஆய்வு இரத்தம் ஏற்றுவதால் புற்றுநோயாளியின் ஆயுள் இரட்டிப்பாகும் என்று உறுதிசெய்தால் அவர் கையை நீட்டுவாரா? மாட்டார் என்றால் 1.42 என்ற எண் அவருடைய சாட்சியாக ஒருபோதும் இருந்ததில்லை. மறுபுறம், நோயாளி சாகக்கூடும் என்பதைக் காட்டி நம்பிக்கையைப் பொய்யாக்க நினைப்பவரும் எதிராளி ஏற்காத அளவுகோலை அவர்மீது சுமத்துகிறார். ஆய்வு முடிவுகளுக்கு உரிய இடம் வேறு. தான் எதை இழக்கக்கூடும் என்பதை அறிந்து ஒருவர் முடிவெடுக்க அவை வேண்டும். அறியாமல் எடுத்த முடிவு தியாகமும் ஆகாது.

இந்த வேறுபாட்டை மிகத் துலக்கமாகக் காட்டிய வழக்கு ஜப்பானில் நடந்தது. 1963 முதல் யெகோவாவின் சாட்சியாக வாழ்ந்த 63 வயதுப் பெண் ஒருவருக்கு 1992-இல் கல்லீரல் கட்டி கண்டறியப்பட்டது. இரத்தம் ஏற்றாமல் அறுவை செய்ய முடியாது என்று முதலில் பார்த்த மருத்துவமனை சொல்லிவிட்டது. சாட்சிகளுக்கு இரத்தமின்றி அறுவை செய்வதில் பெயர் பெற்றிருந்த, டோக்கியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவ அறிவியல் நிறுவன மருத்துவமனைக்கு அவர் சென்றார். எந்த நிலையிலும் இரத்தம் வேண்டாம், அதனால் வரும் விளைவுக்கு மருத்துவர்கள் பொறுப்பல்லர் என்று அவரும் கணவரும் கையெழுத்திட்ட ஆவணம் மருத்துவரிடம் தரப்பட்டது. அந்த மருத்துவமனையின் நடைமுறை அதனினும் சற்று வேறானது. இயன்றவரை நோயாளியின் விருப்பத்தை மதிப்பது, வேறு வழியே இல்லாமல் உயிர் போகும் என்றால் ஏற்றிவிடுவது என்பதே அவர்கள் வைத்திருந்த விதி. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார் என்பதை மருத்துவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 16 அன்று அறுவை நடந்தது. கட்டி நீக்கப்பட்ட நிலையில் சுமார் 2,245 மில்லிலிட்டர் இரத்தம் போயிருந்தது. மருத்துவர்கள் ஆயத்தமாக வைத்திருந்த இரத்தத்தை ஏற்றினார்கள். அவர் பிழைத்தார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உயிரோடு இருந்தார். மருத்துவக் கணக்கேட்டில் அது வெற்றி. இரத்தம் ஏற்றப்பட்டது பின்னரே அவருக்குத் தெரிய வந்தது, வழக்குத் தொடுத்தார்.

டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1997 மார்ச்சில் அவருடைய வழக்கைத் தள்ளிற்று. என்ன நேர்ந்தாலும் இரத்தம் ஏற்றுவதில்லை என்ற ஒப்பந்தம் பொது ஒழுங்குக்கு மாறானது, ஆகவே செல்லாது. உயிரைக் காக்கும் நோக்கத்தில் மருத்துவர் தம் எண்ணத்தை வெளியிடாததும் சட்டமீறலாகாது என்றது. அந்த ஆகஸ்டில் அவர் காலமானார். குடும்பத்தினர் வழக்கை விடவில்லை. 1998 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றி 5,50,000 யென் வழங்க ஆணையிட்டது. 2000 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சமய நம்பிக்கையின் பொருட்டு இரத்தத்தை மறுக்கும் முடிவு ஒருவரின் ஆளுமைக்குரிய உரிமையின் பகுதி என்று ஏற்றது. மருத்துவமனையின் நடைமுறையை முன்னரே விளக்கியிருந்தால் அங்கே அறுவை செய்துகொள்வதா வேண்டாமா என்று அவரே தீர்மானித்திருப்பார். அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறித்ததே குற்றம் என்றது.

தீர்ப்பு எதைக் குற்றமென்று சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மருத்துவர்களின் விதியை நீதிமன்றம் கண்டிக்கவில்லை. தன் கைகளுக்குள் ஒருவர் இறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று சொல்ல மருத்துவருக்கும் மனசாட்சி உண்டு. சபை உறுப்பினரின் மனசாட்சிக்குத் தரும் மரியாதையை அறுவை மருத்துவரின் மனசாட்சிக்கு மறுப்பதில் நியாயமில்லை. ஆனால் இரண்டு மனசாட்சிகளும் ஒரே அரங்கில் சந்திப்பதற்கு முன்பு ஒன்றையொன்று அறிந்திருக்க வேண்டும். மௌனமாக இருந்த மருத்துவர் நோயாளியின் நம்பிக்கையோடு வாதாடவில்லை, அதை மறுக்கவும் இல்லை. அவரை மயக்கத்தில் வைத்து அந்த நம்பிக்கையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சபையின் ஒழுங்கு நடவடிக்கை விரும்பி ஏற்பவருக்கு உரியது. ஆகவே அந்தப் பெண்மீது சபைக் குற்றமும் இல்லை. உடலிலும் தீங்கில்லை. எஞ்சியது ஒன்றுதான். தன் வாழ்வின் பெரிய முடிவைத் தான் எடுத்ததாக நம்பிக்கொண்டிருந்தவருக்கு, அதை வேறொருவர் எடுத்துவிட்டார் என்று தெரிய வந்தது. நல்ல விளைவு அந்த இழப்பை ஈடுசெய்யாது என்று நீதிமன்றம் கண்டது சரியே.

இரத்தத்தை மறுப்பது தற்கொலை என்ற குற்றச்சாட்டும் இந்த வழக்கில் உதிர்ந்துவிடுகிறது. சாக விரும்பியவர் மருத்துவமனை தேடி அலையமாட்டார். அந்தப் பெண் குணமாகத்தான் வந்தார். ஒரு வழியை மட்டும் மூடிவிட்டு மற்ற எல்லா வழிகளையும் கேட்டார். மரணத்தை நாடுவதும், மரணம் வரக்கூடும் என்று அறிந்தே ஒன்றைச் செய்ய மறுப்பதும் ஒன்றல்ல என்பதைக் கத்தோலிக்க அறநெறி மரபு உட்படப் பல மரபுகள் நெடுங்காலமாகப் பிரித்தே பார்த்துவந்திருக்கின்றன.

இதைவிடக் கடினமான கேள்வி, மறுப்பு உண்மையில் நோயாளியுடையதுதானா என்பது. மறுப்பவருக்குப் பின்னால் சபைநீக்கத்தின் நிழல் இருக்கிறது. நீக்கப்பட்டவரோடு உறவினர்கூடப் பேச்சை நிறுத்திக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1992-இல் முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த வழக்கு இதைத் தொட்டது. விபத்துக்குள்ளான கர்ப்பிணி ஒருவர் சாட்சியான தன் தாயோடு தனித்திருந்தபின் இரத்தம் வேண்டாம் என்றார். அவரோ சபையில் சேர்ந்தவர் அல்லர். பிறர் செல்வாக்கு நோயாளியின் விருப்பத்தை மூழ்கடித்துவிட்டதா என்று மருத்துவர் ஆராய வேண்டும் என்று சொல்லி, இரத்தம் ஏற்றியது சரியே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இந்த அளவுகோலை எச்சரிக்கையோடு கையாள வேண்டும். எந்த நம்பிக்கைதான் யாருடைய செல்வாக்குமின்றி வளர்ந்தது? தாயிடமிருந்தும் ஊரிடமிருந்தும் பெற்றவற்றையெல்லாம் கழித்துவிட்டால் மனசாட்சி என்று ஒன்று மிஞ்சாது. நோயாளியைத் தனியாக அமரவைத்து, இங்கே சொல்வது வெளியே போகாது என்று உறுதி கூறி, மறுபடியும் கேட்பதே மருத்துவர் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும்.

குழந்தைகள் விஷயத்தில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் தயங்குவதில்லை. பெற்றோர் தம் நம்பிக்கைக்காகத் தாமே உயிர்த்தியாகம் செய்யலாம், பிள்ளையை அதற்கு ஆளாக்க முடியாது என்ற கருத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1944-இல், இரத்தத்தோடு தொடர்பில்லாத சாட்சிகள் வழக்கொன்றில் முன்வைத்தது. பதின்ம வயது இடைநிலை. இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோய் கண்ட 15 வயதுச் சிறுவனின் மறுப்பை மீறி இரத்தம் ஏற்ற நீதிமன்றம் அனுமதித்தது. 18 வயது நிறைந்ததும் அவன் மறுத்தான், இறந்தான். இயன் மெக்யூவன் 2014-இல் வெளியிட்ட சில்ட்ரன் ஆக்ட் என்னும் நாவல் இத்தகைய வழக்கைச் சுற்றியே அமைந்தது. 1990 வழக்கின் சிறுவனுக்குக் கிடைத்த ஆண்டுகளை வீண் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தன் முடிவைத் தானே எடுக்கும் வயதை எட்ட அவை அவனுக்கு இடம் தந்தன.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ஸ்பெயினுக்கு எதிராக அளித்த தீர்ப்பும் டோக்கியோ வழக்கின் தடத்திலேயே செல்கிறது. கருப்பைக் கட்டியால் இரத்தப்போக்கு ஏற்பட்ட சாட்சிப் பெண்மணி இரத்தம் வேண்டாம் என்று முன்கூட்டியே விருப்ப ஆவணம் பதிந்துவைத்திருந்தார். மாட்ரிட்டுக்கு அவரைக் கொண்டுசெல்லும் வழியிலேயே, அவர் என்ன நினைக்கிறார் என்பது சரியாகத் தெரியாமல், பணியிலிருந்த நீதிபதி இரத்தம் ஏற்ற அனுமதி அளித்துவிட்டார். பேசும் நிலையில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. முடிவெடுத்த முறை அவருடைய தன்னுரிமையைப் போதிய அளவு மதிக்கவில்லை என்றது நீதிமன்றம்.

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் சுவட்டில் மருத்துவச் சங்கங்கள் கூடி 2008-இல் வழிகாட்டுதல் வகுத்தன. 18 வயது நிறைந்து தெளிவாக முடிவெடுக்கக்கூடியவர் மறுத்தால், அதற்கு இசையும் மருத்துவர் பொறுப்புத் துறப்பு ஆவணம் பெற்றுக்கொண்டு இரத்தமின்றி அறுவை செய்யலாம். இசையாத மருத்துவர் காலத்தோடு நோயாளியை வேறு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். 15 முதல் 17 வயதுவரை பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மறுத்தால் மட்டுமே மறுப்பு நிற்கும். 15 வயதுக்குக் கீழே இயன்றவரை தவிர்த்துப் பார்த்து, வேறு வழியில்லை என்றால் ஏற்ற வேண்டும். பெற்றோர் இருவரும் தடுத்தால் குழந்தை நல அலுவலகத்துக்குத் தெரிவித்து நீதிமன்றத்தின் வழியே அவர்களுடைய அதிகாரத்தை நிறுத்திவைக்கலாம். இயன்றவரை மதிப்போம், முடியாவிட்டால் ஏற்றுவோம் என்ற நடைமுறையை இன்றும் கடைப்பிடிக்கும் ஜப்பானிய மருத்துவமனைகள் அதை நோயாளிக்குத் தெரியும்படி வெளிப்படையாக அறிவித்துவிடுகின்றன.